சுவாஹிலிக் கடற்கரையில் மண்ணும் கண்டல் கழியும் கொண்டு வீடு கட்டுதல்: முழுமையான வழிகாட்டி

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை வீடுகள் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன லாமுவின் பவளக்கல் மாளிகைகளும் சன்சிபாரின் கல் நகரத்துச் செதுக்குக் கதவுகளுமே. கல் நகரம் 2000-இலும், லாமு பழைய நகரம் 2001-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமை அவற்றுக்குத் தகும். ஆனால் கென்யாவின் லாமுவிலிருந்து தான்சானியாவின் தென்கோடிக் கடற்கரை வரை சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடு கல்வீடு அன்று. கண்டல் (அலையாத்தி) மரக் கழிகளை நட்டு, குறுக்கே மெல்லிய கழிகளால் வரிச்சுக் கட்டி, மண் அறைந்து, தென்னையோலை வேய்ந்த வீடே அது. 1331-இல் இக்கடற்கரையின் துறைமுக நகரமான கில்வாவுக்கு வந்த பயணி இப்னு பதூதா அந்நகரம் மரத்தால் கட்டப்பட்டது என்றே எழுதி வைத்தார். கல்வீட்டுக்கு வசதியில்லாதவர்கள் வேறு வழியின்றிக் கட்டிக்கொண்ட ஒன்றாக இதைக் கருதுவது தவறு. இது தனக்கென ஒரு முறையும் அளவும் பெயர்களும் உள்ள முழுமையான கட்டடக் கலை.

அந்த முறையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன். வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டில் பொருள்கள் மலிவானவை, கருவிகள் எளியவை. ஆனால் எந்த வேலை எதற்கு முன், எந்தப் பருவத்தில் நடக்க வேண்டும் என்பதில் பிழை நேர்ந்தால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அதைச் சரிசெய்வது கடினம்.

காலமும் மனையும்

இக்கடற்கரையில் மழை இரண்டு முறை வருகிறது. மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு மசிகா என்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் சிறுமழைக்கு வுலி என்றும் பெயர். மண் சுவர் காய்வதற்குப் பல வாரங்கள் தேவைப்படுவதால், மசிகா ஓய்ந்த ஜூன் மாதத்தில் கால் நட்டு, ஜூலைக்குள் கூரை வேய்ந்து, வுலி தொடங்குவதற்கு முன் சுவரைப் பூசி முடிப்பதே நல்ல திட்டம். தண்ணீர் எளிதாகக் கிடைக்கிறதே என்று மழைக்காலத்தில் மண் குழைக்கத் தொடங்குபவர்கள் உண்டு. அந்த ஈரம் சுவரை விட்டு வெளியேறாமல் கழிகளையே முதலில் அழுக வைக்கும்.

மனையைத் தேர்ந்தெடுக்கும்போது மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். இயன்றால் ஒரு மழை நாளில் நேரில் சென்று பாருங்கள். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது காற்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசும் குசியும், டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் கஸ்காஸியுமே வீட்டுக்குள் வெக்கையைக் குறைப்பவை. வீட்டின் நடுக்கூடம் இவற்றுள் ஒன்றையாவது வாங்கும்படி அமைய வேண்டும். நகர எல்லைக்குள் கட்டுவதாயின், மண் சுவருக்கும் ஓலைக் கூரைக்கும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி உண்டா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டின் அமைப்பு

சுவாஹிலி வீட்டின் அமைப்பைத் தார் எஸ் சலாமின் கரியாக்கூ பகுதியிலும் மொம்பாசாவின் பழைய குடியிருப்புகளிலும் இன்றும் காணலாம். தெருவை ஒட்டி ஒரு திண்ணை. அதன் பெயர் பராஸா. மாலையில் அண்டை வீட்டார் வந்து அமர்வதும் பேசுவதும் அங்கேதான். நம் திண்ணைக்கு உரிய மதிப்பு அனைத்தும் அதற்கும் உண்டு. திண்ணையைக் கடந்து கதவைத் திறந்தால் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நேராக ஓடும் நடை, உகும்பி. அதன் இருபுறமும் மும்மூன்று அறைகள். பின்னால் சுற்றுவேலி அடைத்த முற்றம், ஊவா. சமையல், துவைத்தல், குளியல் ஆகிய அனைத்தும் முற்றத்தில் நடைபெறும்.

இந்த அமைப்பு ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பம் சிறியதாக இருக்கும்போது ஓர் அறையையோ இரண்டையோ வாடகைக்கு விடலாம்; மகனுக்கு மணமானால் அதே அறை அவனுக்குக் கிடைக்கும்; முற்றத்தில் பெண்கள் அந்நியர் பார்வை படாமல் வேலை செய்யலாம்; நடை காற்றை இழுத்துப் பின்புறம் கொண்டு செல்லும். அறைகளின் எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் இந்த நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நடையை நீக்கிக் கட்டிய வீடுகளில் பகல் பொழுதில் உள்ளே இருக்க முடிவதில்லை.

கழிகளை வாங்குதல்

கண்டல் கழிகளில் உள்ள துவர்ப்புச் சத்து கரையானை அண்டவிடாது. உப்புக் காற்றையும் அவை தாங்கும். சுவாஹிலி மொழியில் ம்கோகோ எனப்படும் கண்டலும் ம்கண்டா எனப்படும் வகையுமே பெரும்பாலும் கட்டடத்துக்குப் பயன்படுகின்றன. கழிகள் பருமனைக் கொண்டு பெயரிடப்படுகின்றன. பெயர் தெரியாமல் வாங்கப் போனால் தேவையற்ற பருமனுக்கு விலை கொடுக்க நேரும் என்பதால் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய கழி ஃபிதோ, அதுவே வரிச்சு. 4 முதல் 8 சென்டிமீட்டர் வரை பாவூ. அது கைமரத்துக்கு உரியது. 8 முதல் 11 வரை மாஸியோ, சுவர்க்கால்களுக்கு ஏற்றது. 11.5 முதல் 13.5 வரை போரிதி. விட்டமாகவும் மூலைக்காலாகவும் நிற்பது. அதற்கு மேல் 20 வரை ங்குஸோ. முகடு தாங்கும் நடுத்தூண்களுக்கு அது போதும்.

போரிதி என்னும் சொல்லுக்குப் பின்னே ஒரு கடல் வாணிக வரலாறே உண்டு. பாய்மரக் கப்பல்களில் இக்கழிகள் ஓமானுக்கும் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களுக்கும் சென்றன. மரமில்லாத அந்த நாடுகளில் அறையின் அகலத்தை முடிவு செய்தது இந்தக் கழியின் நீளமே. லாமுவின் பவளக்கல் வீடுகளிலும் அறைகள் நீண்டு ஒடுங்கியிருப்பதற்கு இதுவே காரணம்: சுவருக்குச் சுவர் ஏறக்குறைய ஒன்பது அடிக்கு மேல் போரிதி எட்டாது. கென்யா 1982-இல் கண்டல் கழி ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டில் வெட்டுவதற்கும் வனத்துறையின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவரிடம் மட்டுமே வாங்குங்கள். அலையாத்திக் காடு அழிந்தால் மீன்குஞ்சுகள் வளரும் இடமும் கரையைக் காக்கும் அரணும் சேர்ந்தே போகும். கண்டல் கிடைக்காத இடங்களில், கென்யக் கடற்கரையின் கிலிஃபி, குவாலே பகுதிகளில் விவசாயிகள் வளர்க்கும் சவுக்குக் கழி நல்ல மாற்று. நம் ஊர்ச் சாரக்கட்டுகளில் நிற்கும் அதே சவுக்குதான். ஆனால் அதைக் கரையான் தின்னும் என்பதால் தரைக்குக் கீழே செல்லும் கால்களுக்குக் கண்டலையும், மேலே உள்ள கைமரங்களுக்குச் சவுக்கையும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

கழிகள் கோர்ஜாக் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கோர்ஜா என்பது இருபது. பத்தடிக்குப் பத்தடி அறைகள் ஆறும், ஐந்தடி அகல நடையும் கொண்ட வீட்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டின் வெளியளவு 25 அடிக்கு 30 அடி. வெளிச்சுவர் 110 அடி. நடையின் இருபக்கச் சுவர்கள் 60 அடி. அறைகளுக்கு இடையிலான தடுப்புகள் 40 அடி. ஆக 210 அடி. இரண்டடிக்கு ஒரு கால் என்றால் ஏறக்குறைய 105 கால்கள், அதாவது ஐந்து கோர்ஜாவுக்குச் சற்று மேல். எட்டடி உயரச் சுவரில் அரையடிக்கு ஒரு வரிச்சு வீதம் உள்ளும் புறமும் கட்டினால், பன்னிரண்டடி நீள ஃபிதோ 560 வேண்டும். அது 28 கோர்ஜா. கதவு, சாளரங்களில் மிச்சமாவது வெட்டுச் சேதத்தில் சரியாகிவிடும். வரிச்சுதான் இந்த வீட்டின் பெருஞ்செலவு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இதில் சிக்கனம் பிடித்து வரிச்சை ஓரடிக்கு ஒன்றாகக் கட்டியவர்களின் சுவரில் மண் தொங்கி உதிர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கால் நடுதலும் வரிச்சுக் கட்டுதலும்

மனையைச் சமன்படுத்தி, முளை அடித்து நூல் பிடித்து, மூலைமட்டம் பாருங்கள். மூலைக்கால் குழிகள் இரண்டடிக்குக் குறையாத ஆழம் இருக்கட்டும். இடைக்கால்களுக்கு ஒன்றரை அடி போதும். குழிக்குள் செல்லும் பகுதியை நெருப்பில் வாட்டி மேற்பரப்பைக் கரியாக்கி நடுவது வழக்கம். குழியின் அடியில் பவளக்கல் துண்டுகளைப் போட்டு, காலை நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, சுற்றிலும் கல்லும் மண்ணும் இட்டுத் திமிசு கொண்டு இறுக்குங்கள். இங்கே சிமென்ட் கலவையை ஊற்ற வேண்டாம். காலைச் சுற்றிக் கிண்ணம் போல் இறுகும் கலவை தண்ணீரைத் தேக்கி வைத்துக் காலை அழுக வைக்கும். மேலும் பிறகு ஒரு காலை மாற்ற நேரும்போது அதைப் பெயர்த்தெடுக்கவும் முடியாது.

கால்களின் தலையில் உத்தரக் கழியைக் கிடத்திக் கட்டியபின், வரிச்சைக் கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பழைய முறையில் தேங்காய் மட்டையை உப்பு நீரில் ஊறவைத்து எடுத்த நாரைத் திரித்த கயிறே பயன்பட்டது. இப்போது ஆணி அடிப்பதே மிகுதி. மெல்லிய கழியில் ஆணி அடித்தால் அது பிளந்துவிடும். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து அந்த இடத்திலேயே சுவர் விடும். எனவே கயிறே மேல் என்பது என் கருத்து. உள்வரிசைக்கும் வெளிவரிசைக்கும் இடையில் காலின் பருமன் அளவுக்கு ஒரு கூடு உண்டாகும். அக்கூட்டில்தான் பின்னர் கல்லும் மண்ணும் நிறையும்.

முதலில் கூரை

சுவரில் ஒரு பிடி மண் ஏறுவதற்கு முன்பே கூரை வேய்ந்து முடித்துவிட வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தவர் வீடு கட்டி முடிப்பதே அரிது. எதிர்பாராத ஒரு மழை போதும், ஒரு வார உழைப்பு கரைந்து தரையில் கிடக்கும். கூரை முதலில் எழுந்துவிட்டால் மண் நிழலில் மெல்லக் காயும், வெடிப்பும் குறையும்.

கூரைக்கு உரிய பொருள் மகூத்தி. இதுவும் தென்னையோலையே, ஆனால் நாம் மட்டையோடு முடையும் கீற்றிலிருந்து இது வேறுபடும். மட்டையிலிருந்து ஓலை இதழ்களைத் தனித்தனியாக உரித்து, ஒரு குச்சியின் மேல் ஒவ்வோர் இதழாக மடித்துப் போட்டு, அடுத்த இதழை முந்தைய இதழின் விளிம்பைச் சற்று மூடும்படி நெருக்கி, ஓலை நாரால் தைத்துக்கொண்டே செல்வார்கள். கிலிஃபிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் காலை நீட்டி அமர்ந்து, குச்சியின் ஒரு முனையைக் கால் பெருவிரலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு இதைத் தைப்பதைக் காணலாம். வலது கை இதழை மடிக்கும்; இடது கைக் கட்டைவிரல் மடிப்பை அழுத்தும்; நார் உள்ளே புகுந்து வெளியே வரும்; கண் வேறெங்கோ இருக்கும், பேச்சும் நிற்காது. வாங்கும்போது ஒரு மகூத்தியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இதழ்களின் இடையே ஒளிப்புள்ளிகள் மிகுதியாகத் தெரிந்தால் அது நெருக்கமாகத் தைக்கப்படவில்லை என்று பொருள்.

கூரையின் சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. சரிவு குறைந்தால் தண்ணீர் வழிந்தோடாமல் ஓலையில் ஊறும், ஊறினால் அழுகும். நம் கணக்கு வீட்டில் இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, சுவருக்கு வெளியே இரண்டடி நீண்டால் சரிவின் நீளம் ஏறக்குறைய 20 அடி வரும். ஐந்து அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் ஒரு பக்கத்துக்கு 48 வரிசைகள். வேய்தல் இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடியும். முகட்டை மட்டும் இரட்டிப்பாக வேய்ந்து, காற்று பிரிக்காதபடி கழி வைத்துக் கட்டுவார்கள். உத்தரத்துக்கும் ஓலைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடான காற்று வெளியேறும். நெருக்கமாக வேய்ந்த கூரை ஏழெட்டு ஆண்டுகள் உழைக்கும். தீ ஒன்றே இதன் பகை. அதனால்தான் அடுப்பு முற்றத்தில் இருக்கிறது. அடுப்படிக்கும் இறவாணத்துக்கும் இடையே தாராளமான இடைவெளி விடுங்கள்.

தகரக் கூரை வேண்டுபவர்களும் பலர். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் காலி மண்ணெண்ணெய்த் தகரங்களை, அதாவது தெபேக்களை, வெட்டித் தட்டையாக்கிக் கூரை வேய்ந்தார்கள். பிறகு நெளி தகரமான மபாத்தி எங்கும் பரவிற்று. தீப் பயமில்லை, மழைநீரைச் சேமிக்கலாம், அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பவை அதன் நன்மைகள். ஆனால் கேஜ் எண் உயர உயரத் தகடு மெலிதாகும் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். 32 கேஜ் மலிவு என்று வாங்கினால் உப்புக் காற்றில் விரைவில் ஓட்டை விழும். கடலோரத்தில் 28 கேஜே பொருத்தம். நண்பகல் வெக்கையைத் தணிக்கத் தகரத்தின் கீழே மகூத்தியையே ஓர் அடுக்கு வேய்வதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

மண் அறைதல்

மண்ணுக்கு உதோங்கோ என்று பெயர். அறைந்து முடிந்த சுவர் கியம்பாஸா. மண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மண்ணும் மீதி நீரும் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படியும். களி கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் நல்ல மண். களி மிகுந்தால் வெடிக்கும், மணல் சேர்க்கலாம். மணல் மிகுந்தால் உதிரும். வேறு குழியைத் தேட வேண்டும். கரைக்க நன்னீரையே பயன்படுத்துங்கள். உப்பு நீரில் குழைத்த மண் காய்ந்தபின்னும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேற்பூச்சையும் தள்ளிவிடும்.

மண்ணைக் காலால் மிதித்துக் குழைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் வரிச்சுக் கூட்டுக்குள் கைக்கு அடங்கும் பவளக்கல் துண்டுகளை அடியிலிருந்து அடுக்கி, இடுக்குகளில் மண்ணை வைத்துக்கொண்டு மேலேறுங்கள். மண்ணை உருண்டையாக எடுத்து வீசி அறைய வேண்டும்; தடவினால் பிடிக்காது. சுவரின் இருபக்கமும் இருவர் எதிரெதிரே நின்று ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அறைந்தால், இரு உருண்டைகளும் நடுவில் மோதி ஒன்றாகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே கைதேர்ந்த ஃபுந்தி வேலை சரியாக நடக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஃபுந்தி என்றால் கைவினைஞர். கொத்தனார், தச்சர், தையற்காரர் அனைவருக்கும் அங்கே அந்த மரியாதைப் பெயரே.

முதல் அறைதல் காய்ந்ததும் வெடிப்புகள் விழும். அவை விழத்தான் வேண்டும். முழுவதும் காய்ந்து வெடிப்பு நின்றபின், சலித்த மண்ணைச் சற்றுத் தளர்வாகக் கரைத்து இரண்டாம் பூச்சை வெடிப்புகளுக்குள் அழுத்திப் பூசுங்கள்.

மேற்பூச்சும் தரையும்

இக்கடற்கரையின் பழைய பூச்சு சுண்ணாம்பு, சொக்கா என்பார்கள். விறகை வட்டமாக அடுக்கி அதன் மேல் பவளக்கல்லைக் குவித்து எரித்து, நீற்றி, குழியில் பல வாரம் ஊறவைத்துப் பயன்படுத்துவார்கள். எரிப்பதற்கு உயிருள்ள பவளப்பாறையை வெட்டி எடுப்பது கடலுக்குச் செய்யும் தீங்கு. நிலத்தில் தோண்டியெடுக்கும் பழம்பவளக்கல்லே போதுமானது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல் என்னும் கலவையில் மெல்லியதாகப் பூசி, வெயில் நேரடியாகப் படாதபடி ஈரச் சாக்கு தொங்கவிட்டுச் சில நாட்கள் பதப்படுத்துங்கள். கடல்மணல் வேண்டாம், அதன் உப்பு பூச்சை வெண்பூப் பூத்து உரிய வைக்கும்.

மண் சுவரின் மேல் சிமென்ட் பூசுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பலரும் செலவு செய்து ஏமாறும் இடம் இதுதான். மண் ஈரத்தை வாங்கியும் விட்டும் சற்றே பருத்துச் சுருங்குவது. சிமென்ட் அசையாதது, ஈரத்தையும் எளிதில் விடாதது. இரண்டாண்டுகளுக்குள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். விழும்போது பின்னால் இருந்த மண்ணையும் பிடுங்கிக்கொண்டு போகும். அதற்குள் உள்ளே சிறைப்பட்ட ஈரம் கால்களைத் தின்றிருக்கும். சிமென்டில் செலவிட விரும்பினால் அதைத் தரையிலும் திண்ணையின் மேற்பரப்பிலும் குளியலிடத்திலும் செலவிடுங்கள். அங்கே அது உண்மையாகவே பயன்படும். சுவரடியில், வெளிப்புறமாக ஓரடி உயரத்துக்குப் பவளக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் ஒரு சாய்மேடை கட்டினால், இறவாணத்து நீர் தெறித்துச் சுவரை அரிப்பது நிற்கும். பராஸாவும் முன்சுவருக்கு இதே வேலையைத்தான் செய்கிறது.

முழுக் கட்டடத்தையும் சிமென்ட் கல்லாலோ, மொம்பாசா, கிலிஃபிப் பக்கத்தில் அறுத்தெடுக்கும் பவளக்கல் பாளங்களாலோ கட்டுவது இன்று மிகுந்துவிட்டது. அது தனி முறை, தனிக் கணக்கு. ஒன்று மட்டும் சொல்லலாம்: சுவர்ப்பொருள் மாறினாலும் நடை, முற்றம், திண்ணை ஆகிய அமைப்பை அப்படியே வைத்துக் கட்டிய வீடுகளே குடியிருக்க இதமாக இருக்கின்றன.

பராமரிப்பு

ஆண்டுதோறும் பிப்ரவரியில், மசிகாவுக்கு முன், வீட்டைச் சுற்றி வந்து மூன்றைப் பாருங்கள்: சுவரடி அரிப்பு, வெடிப்பு, கூரையில் ஒளி தெரியும் இடம். முதல் இரண்டுக்கும் கட்டும்போது ஒதுக்கி வைத்த அதே மண் வேண்டும். ஆகவே முற்றத்தின் ஒரு மூலையில் அதை மூடிக் குவித்து வைத்திருப்பது நல்லது. பூச்சு முடிந்ததும் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

கால் அழுகியிருப்பதாக ஐயம் தோன்றினால் தரைமட்டத்தில் ஒரு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் காலை மாற்றியாக வேண்டும். உத்தரத்துக்கு அடியில் இருபக்கமும் முட்டுக் கொடுத்து, அந்தக் காலைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணையும் கல்லையும் மட்டும் எடுத்துவிட்டு, வரிச்சுக் கட்டுகளை அவிழ்த்து, பழைய காலை உருவி, புதிய கண்டல் கழியைக் கரியாக்கி அதே குழியில் நட்டு இறுக்குங்கள். வரிச்சை மீண்டும் கட்டி, வெட்டியெடுத்த அந்த மண்ணையே நனைத்துக் குழைத்து அறையுங்கள். இருவர் சேர்ந்தால் ஒரே நாளில் முடியும் வேலை. அன்றிரவே அந்த அறையில் படுக்கலாம்.